பெயருக்கு ஓர் அறங்காவலர்

‘சிவன் சொத்து குலநாசம்’ என்னும் பழமொழி தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பொதுச் சொத்தில் கைவைப்பவனின் குலம் அழியும் என்று அச்சுறுத்திவிட்டால், பெட்டிக்குப் பூட்டும் கணக்குக்கு ஏடும் வேண்டா என முன்னோர் எண்ணினர் போலும். பழமொழி பெட்டியைக் காத்ததாகத் தெரியவில்லை. கைவைத்தவனின் குலம் தழைத்ததும், கொடுத்தவனின் குலம் கேட்க வழியறியாது வாய்மூடி நின்றதும் மலேசியத் தமிழருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் புதிய செய்திகள் அல்ல.

எனினும், கைவைத்தவனைப் பற்றி ஈண்டு மிகுதியாகப் பேச வேண்டுவதில்லை. நம்பிக்கை மோசடி இன்னதென வரையறுக்கும் 405ஆம் பிரிவு இரு நாடுகளின் தண்டனைச் சட்டத்திலும் அவனுக்காகக் காத்திருக்கின்றது. பேசப்பட வேண்டியவர் வேறொருவர். அவர் கைவைத்தவனுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர். தாம் ஒரு வெள்ளியும் எடுக்காதவர். ஊரார் நல்லவர் என்று போற்றுபவர். அறக்கட்டளையின் கடிதத் தாளில் தம் பெயர் அச்சாகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அதற்குமேல் ஒன்றும் செய்யாதிருந்தவர். பெயருக்கு ஓர் அறங்காவலர் என்று அவரைக் குறிக்கலாம்.

இத்தகையோர் இல்லாத குழு அரிது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருப்பார், மருத்துவராக இருப்பார், செல்வாக்குள்ள வணிகராக இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பிதழில் அவர் பெயர் வரும். முன்வரிசையில் இருக்கை உண்டு, பொன்னாடை உண்டு. கூட்ட அறிக்கையில், வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்தோர் பட்டியலிலும் பெரும்பாலும் அவர் பெயரே காணப்படும். நிதியில் ஓட்டை விழுந்தது வெளிப்படும் நாளில், “எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் செயலாளரே பார்த்துக்கொண்டார்” என்பார். கேட்டவர் இரங்குவர். அவ்வாறு கூறிவிட்டால் தப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். நீதிமன்றமோ அச்சொற்களைக் கடமை தவறியதற்கு அவரே தரும் ஒப்புதலாக எழுதிக்கொள்ளும்.

அறக்கட்டளையில் பொருள் ஒருவர் பெயரில் இருக்கும். பயன் மற்றொருவருக்கு உரியதாகும். அப்பெயருக்குரியவர் பலராக இருந்தால் பொறுப்பு அவர்களுக்குள் கூறுபோடப்படுகின்றது என்று பலரும் தவறாகக் கருதுகின்றனர். ஐவர் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது சந்தைக் கணக்கு. சட்டத்தின் கணக்கு அதுவன்று. ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பையும் சுமக்கின்றனர். ஐவரும் கடமை தவறியதால் 100,000 வெள்ளி இழப்பு ஏற்பட்டது என்று கொள்வோர், அம்முழுத் தொகையையும் ஐவருள் யாரேனும் ஒருவரிடமிருந்தே மீட்க வழியுண்டு என்பதையும் கொள்ள வேண்டும். செலுத்தியவர் பின்னர் மற்றவரிடம் அவரவர் பங்கைக் கேட்டுப் பெறலாம். அவர்கள் ஓட்டாண்டிகளாக இருந்தால் அது அவர் பாடு. வீடும் நிலமும் உடையவர் யாரோ அவரையே வழக்கு முதலில் தேடிவரும். பொன்னாடைக்காக நாற்காலியில் அமர்த்தப்பட்டவரே பெரும்பாலும் வீடும் நிலமும் உடையவர் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஓர் அறங்காவலரின் தவற்றுக்கு மற்றவர் தாமாகவே பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை என்பது மெய்யே. தம் செயலுக்கும், தம் கைக்கு வந்த பணத்துக்கும், தம் புறக்கணிப்புக்குமே அவர் விடைசொல்ல வேண்டும் என்று மலேசியாவின் 1949ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம் கூறுகின்றது. இவ்வாசகத்தைக் கேடயமாக ஏந்துவோர் அதன் கடைசிச் சொல்லைப் படிப்பதில்லை. புறக்கணிப்பும் ஒருவரின் சொந்தத் தவறுதான். பணத்தைத் தேவைக்கு மேற்பட்ட காலம் ஒருவர் கையிலேயே விட்டுவைத்தல், கணக்கைக் கேளாதிருத்தல், தவறு நிகழ்வதை அறிந்தும் அசையாதிருத்தல் ஆகிய யாவும் அருகிலிருந்தவரின் குற்றமாகவே கருதப்படும்.

இதனைத் தெளிவாக்கிய வழக்கு ஒன்று இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டு தீர்க்கப்பட்டது. ‘பாஹின் எதிர் ஹியூஸ்’ என்பது அதன் பெயர். இங்கிலாந்து வழக்குக்கும் ஈப்போவில் உள்ள கல்வி நிதிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நடைமுறையிலிருந்த பொதுச் சட்டத்தையும் நேர்மை நெறிகளையும், உள்நாட்டுச் சட்டம் வேறு கூறாதவிடத்து, தீபகற்ப மலேசியாவுக்கு ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரிலும் அம்மரபே வேரூன்றியுள்ளது. ஆகவே அங்குத் தீர்க்கப்பட்டவை இங்கும் எடுத்தாளப்படுகின்றன.

அவ்வழக்கில் 2,000 பவுன் ஓர் உயில் வழியே அறக்கட்டளையாக விடப்பட்டது. பெண்மக்கள் மூவர் அறங்காவலராயினர். எலைசா ஹியூஸ் என்பவரே காரியங்களை முன்நின்று நடத்தினார். அறக்கட்டளை இடந்தராத குத்தகை வீடுகளின் மீது பணம் இடப்பட்டது. ஈடு போதாமற்போய் இழப்பு நேர்ந்தது. எலைசா ஒரு காசும் தமக்கென எடுக்கவில்லை. நல்லெண்ணத்துடனேயே தவறு செய்தார். ஒன்றும் செய்யாதிருந்த மற்றோர் அறங்காவலரின் கணவர், அக்காலச் சட்டப்படி மனைவியின் பொறுப்புக்கு விடைசொல்ல வேண்டியவர், நீதிமன்றத்தில் ஒரு வாதத்தை எழுப்பினார். எல்லாவற்றையும் செய்தவர் எலைசாவே. ஆகவே மற்றவருக்கு வரும் இழப்பையும் அவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது அவ்வாதம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக் கூட்டந்தோறும் ஒலிக்கும் அதே வாதம்!

மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தம்மால் இயன்றவரை நேர்மையாக உழைத்த அறங்காவலர், கைகட்டி இருந்தவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று கூறுவது முறையன்று என நீதிபதிகள் கருதினர். பொறுப்பு அனைவருக்கும் பொது என்றாயிற்று. நிதியைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவர், அல்லது வழக்குரைஞராக இருந்து தம் அறிவுரையால் மற்றவரைத் தவற்றுக்குள் இழுத்துச் சென்றவர் என்றால், அவர் மற்றவருக்கு ஈடுசெய்யும் நிலை வரலாம். பிறரிடத்தில் அவ்வாறு கேட்பதற்கு இடமில்லை. உழைத்துப் பிழை செய்தவரையும் உழைக்காமல் ஒதுங்கி நின்றவரையும் ஊர் வேறு வேறாக எடைபோடுகின்றது. ஒதுங்கி நின்றவரையே நல்லவர் என்கின்றது. இவ்விடத்தில் ஊரின் அறவுணர்வைவிட நீதிமன்றத்தின் அறவுணர்வு நுண்ணியது என்று துணிந்து கூறலாம்.

வெற்றுக் காசோலையைப் பற்றி ஒரு சொல். இருவர் கையொப்பம் வேண்டும் என்று விதி வகுத்தோர் மூடரல்லர். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாம் கையொப்பம் கேட்கப்படுகின்றது. அடிக்கடி வந்துபோக இயலவில்லை என்று கூறி, தொகையும் பெயரும் எழுதப்படாத காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடும் பெருந்தகையினர் உளர். வீட்டுச் சாவியை அவ்வாறு அயலாரிடம் கொடுப்பரோ? மனைவியின் நகைப்பெட்டியைக் கொடுப்பரோ? ஏழைகளின் நிதி என்றவுடன் எங்கிருந்தோ வந்துவிடுகின்றது இப்பெருந்தன்மை. நம்பிக்கையின் பேரில் கையொப்பமிட்டதாகப் பின்னர் விளக்குவர். அறக்கட்டளையை நிறுவியவர் நம்பியது செயலாளரை மட்டுமன்று. இவரையும் சேர்த்தே நம்பினார். அந்த நம்பிக்கையைத் தாமே வேறொருவருக்குத் தானம் செய்ய இவருக்கு உரிமை ஏது?

ஆசிரியர்களுக்கு இப்பொருள் அயலானதன்று. தோட்டப்புறத்தில் எழுத்தறிந்தவர் தமிழாசிரியரே என்றிருந்த காலத்தில், கோயிற் கணக்கும் மன்றக் கணக்கும் அவர் மேசையில்தான் எழுதப்பட்டன. இன்றும் கல்வி நிதி ஒன்று தொடங்கினால், ஊரார் முதலில் நாடுவது ஓர் ஆசிரியரின் பெயரையே. அப்பெயருக்கு ஊரில் மதிப்புண்டு. அது இருந்தால் பணம் திரளும். அப்பெயரை நம்பிக் கொடுத்தவர்க்கு அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. முன்னாள் மாணவர் ஒன்றுகூடித் திரட்டிய நிதியின் வட்டியிலிருந்து ஆண்டுக்குச் சிலருக்கு உதவி அளிப்பது திட்டம் என்று வைத்துக்கொண்டால், நிதி கரைந்த ஆண்டில் என்ன நிகழும்? விண்ணப்பித்த மாணவிக்கு, ‘இவ்வாண்டு நிதி போதவில்லை’ என்று ஒரு கடிதம் வரும். ஏன் போதவில்லை என்பது அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. தனக்குரியது பறிபோயிற்று என்பதையே அறியாதவள் யார்மீது வழக்குத் தொடுப்பாள்? பயனாளி அறியாதவராகவும் எளியவராகவும் இருப்பதனாலன்றோ சட்டம் அறங்காவலரிடம் இத்துணைக் கடுமை காட்டுகின்றது!

‘பெரும்பான்மையோர் முடிவு செய்துவிட்டனர், ஒருவன் என்ன செய்ய முடியும்?’ என்பது அடுத்த சாக்கு. தனியார் அறக்கட்டளைகளில், ஆவணம் வேறு கூறாதவிடத்து, பெரும்பான்மை என்னும் பேச்சுக்கே இடமில்லை. அறங்காவலர் அனைவரும் ஒருமித்தே செயற்பட வேண்டும் என்பது 1879ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வலியுறுத்தப்பட்டது. பொதுநல அறக்கட்டளைகளில் பெரும்பான்மை முடிவை மரபு ஏற்கின்றது. ஆயின் எத்துணைக் கைகள் உயர்ந்தாலும், அறக்கட்டளை தடுத்துள்ள ஒன்று அதனால் முறையானதாகிவிடாது. எதிர்த்தவர் தம் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்தல் வேண்டும். அத்துடனும் அவர் கடமை முடிவதில்லை. பணம் போவதை அறிந்திருந்தால், நீதிமன்றத்தை நாடியேனும் தடுக்க முற்பட வேண்டும். பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டுச் சென்றவருக்கும், அவர் இருந்த காலத்துப் பொறுப்பு தொடரும். இறந்தவருக்கோ, அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது தொடரும்.

தன்னலம் பற்றிய நெறி இன்னும் கடுமையானது. 1726ஆம் ஆண்டு ‘கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு’ வழக்கில், ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காக அறங்காவலரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடிந்ததும் சிறுவனுக்குப் புதுப்பித்துத்தர உரிமையாளர் மறுத்துவிட்டார். அறங்காவலர் தம் பெயரில் அதனைப் பெற்றுக்கொண்டார். எவரையும் அவர் ஏமாற்றவில்லை. சிறுவனுக்குக் கிடைக்காது என்று உறுதியான பின்னரே தாம் பெற்றார். இருந்தும், அக்குத்தகையும் அதன் ஆதாயமும் சிறுவனுக்கே உரியன என்று தீர்ப்பாயிற்று. உலகில் வேறெவரும் அக்குத்தகையைப் பெறலாம். பெறக்கூடாதவர் அறங்காவலர் ஒருவரே! ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வகுக்கப்பட்ட இந்நெறியை ஒருபுறம் வைத்து, மறுபுறம் மண்டபக் கட்டுமானத்தைக் குழுவினரின் மைத்துனரே ஏற்று நடத்தும் வழக்கத்தையும், அச்சு வேலை எப்போதும் ஒரே உறுப்பினரின் அச்சகத்துக்குச் செல்லும் வழக்கத்தையும் வைத்துப் பார்க்கலாம். விலை நியாயமானதே என்பது அவர்தம் விடை. விலையைப் பற்றி இங்கு யாரும் கேட்கவில்லை.

இவ்வாறு சட்டத்தைச் சுட்டுவோரை நோக்கி வீசப்படும் எதிர்வாதம் ஒன்றுண்டு. அது வலிமையற்றது என்று தள்ளுதல் நேர்மையாகாது. ‘இவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். மாலை நேரத்தையும் தம் வண்டியின் எண்ணெய்ச் செலவையும் கொடுத்து உழைப்பவர்கள். ஒரு பிழைக்காக வீட்டை இழக்க நேரும் என்று அச்சுறுத்தினால் நாளை தொண்டுக்கு யார் வருவர்? கோயிலும் பள்ளியும் மன்றமும் ஆளின்றிப் பாழாகும்’ என்பர். மெய்யாகவே அச்சத்தால் ஒதுங்கும் நல்லோர் உண்டு.

அவர்கள் அறிய வேண்டிய வழக்கு, 1883ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவை தீர்த்த ‘ஸ்பைட் எதிர் காண்ட்’. அதில் அறங்காவலர், பத்திரங்களை வாங்குவதற்காகத் தரகன் ஒருவனிடம் 15,000 பவுன் கொடுத்தார். தரகன் வாங்கியதாகச் சீட்டுக் காட்டிப் பணத்தைச் சுருட்டினான். அறங்காவலர் இழப்பை ஈடுசெய்ய வேண்டுவதில்லை என்று அவை தீர்த்தது. ஏன்? விவேகமுள்ள வணிகர் ஒருவர் தம் காரியத்தில் எவ்வாறு நடப்பாரோ அவ்வாறே அவர் நடந்திருந்தார். தரகனை அமர்த்தியதும் பணம் கொடுத்ததும் அத்தொழிலின் வழக்கத்துக்கு மாறானவை அல்ல. நேர்மையாகவும் நியாயமான முறையிலும் நடந்துகொண்டவரை மன்னித்து விடுவிக்கும் அதிகாரத்தையும் அறங்காவலர் சட்டங்கள் நீதிமன்றத்துக்கு வழங்கியுள்ளன. ஆக, சட்டம் கேட்பது பிழையே செய்யாத தெய்வத்தை அன்று, கண்விழித்திருக்கும் மனிதனையே. உழைக்கும் தொண்டர் அஞ்ச வேண்டுவது சிறிது. அஞ்ச வேண்டியவர் உழைக்காதவர்; தொண்டர்களின் பெயரால் கண்ணீர் வடிப்போரும் பெரும்பாலும் அவரே.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கறையுடன் நடக்கும் கடமையை எழுத்திலேயே வைத்துவிட்டது. தனித் திறனோ பட்டறிவோ உடையவரிடம் அதற்கேற்ற அக்கறை எதிர்பார்க்கப்படும் என்பது அதன் உட்கிடை. கணக்காய்வாளரையும் வழக்குரைஞரையும் கடிதத் தாளுக்கு அணிகலனாகச் சேர்க்கும் குழுக்கள் இதனை அவர்களிடம் சொல்லிவிட்டுச் சேர்ப்பது நன்று.

இவையெல்லாம் வெள்ளையர் சட்டம். தமிழர் மரபுக்கு அயலானவை என்று முகஞ்சுளிப்போரும் இல்லாமல் இல்லை. அவர்கள் உத்தரமேரூர் வரை செல்லட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்குள்ளன. வாரியங்களுக்கு ஆளெடுக்கும் குடவோலை முறையை மேடைதோறும் புகழாத தமிழ்ப் பேச்சாளர் இல்லை. பானையில் ஓலை இட்டதையும், சிறுவன் ஒருவன் எடுத்ததையும் சுவைபடச் சொல்லி அமர்ந்துவிடுவர். அக்கல்வெட்டின் கூரிய பகுதி அதுவன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மீண்டும் குடவோலைக்கு எழுதப்படலாகாது. அவர் மட்டுமன்று, பட்டியலிட்டுக் கூறப்பட்ட அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் எழுதப்படலாகாது என்று கல் கூறுகின்றது. அண்மையில் பதவி வகித்தவரும் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபைக்கு வகுத்த விதி. நிலமற்ற உழவனுக்கு அதில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், கணக்குக் கேட்பதை அவமதிப்பு என்று அச்சபை கருதவில்லை. கணக்குக் காட்டாதவனின் மைத்துனனையும் வாயிலில் நிறுத்திய மரபுக்கு உரியோர், இன்று கணக்குக் கேட்பவரைக் குழப்பக்காரர் என்கின்றனர்.

பணம் திரண்ட வரலாற்றையும் இவர்கள் மறந்துவிடுகின்றனர். 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி, தமிழ் முரசின் வாயிலாக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு நூலகம் அமைய வேண்டும் என்பது நோக்கம். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்கப்பட்டது. பெரும் புள்ளிகள் அன்றி, தொழிலாளரும் கொடுத்தனர். கொடுத்தவருள் பலர் அந்நூலகத்தின் படியில் காலடி வைக்கப்போவதில்லை. தமிழரின் பொதுநிதி எதுவும் இத்தகைய வெள்ளிகளால் ஆனதே. அந்த ஒரு வெள்ளி, கொடுத்தவரின் வரவில் எத்துணைப் பெரிய பகுதி என்பதைக் காசோலையில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுபவர் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

நிலத்தின் கதையும் உண்டு. இறந்து பல்லாண்டுகளான தனிமனிதர் பெயரிலேயே கோயில் நிலமும் மன்ற நிலமும் பதிவாகியிருக்க, பேரப்பிள்ளைகள் உரிமை கொண்டாடி வந்து நிற்கும்போதே குழு விழித்துக்கொள்கின்றது. அறங்காவலர் குழுவையே ஒரு சட்ட ஆளாகப் பதிவுசெய்து, ஆட்கள் மாறினும் சொத்து மாறாதிருக்கச் செய்வதற்கு மலேசியாவில் 1952ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கின்றது. சங்கமாகப் பதிவுபெற்ற அமைப்புகள் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் கணக்குடன் ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் பணிக்கின்றது. இவற்றைக் கேட்டால், செயலாளரைக் கேளுங்கள் என்பதே பெயருக்கு இருப்பவரின் விடை.

காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கூறிப் பழைய கணக்குகளை மூடுவோர் அடிக்கடி காணப்படுகின்றனர். 1953ஆம் ஆண்டு மலேசியக் காலவரையறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அவர்களுக்கு உதவாது. அறங்காவலர் தாமே செய்த அல்லது உடன்பட்ட மோசடிக்கும், அவர் கையில் இன்னமும் இருக்கின்ற அல்லது அவர் தமக்கெனப் பயன்படுத்திக்கொண்ட அறச்சொத்தை மீட்பதற்கும் காலவரையறை இல்லை.

வழக்குத் தொடுக்க யாருக்கு உரிமை என்பதையும் பலர் அறியார். நன்கொடை கொடுத்ததோடு தம் உரிமை முடிந்துவிட்டது என்று கருதுகின்றனர். சமயத்துக்கோ சமூகத்துக்கோ அறத்துக்கோ உரிய பொது அறக்கட்டளையில் கடமை மீறப்பட்டால், அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டம், 1956, தன் 9ஆம் பிரிவில் வழிவகுத்துள்ளது. சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுக்கலாம். அல்லது அவரது எழுத்து வழியான இசைவைப் பெற்று, அவ்வறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் தொடுக்கலாம். சிங்கப்பூரில், 1994ஆம் ஆண்டு அறநிறுவனங்கள் சட்டத்தின்படி, அறநிறுவனங்களின் ஆணையர் விசாரணை நடத்தவும், தவறிழைத்த அறங்காவலரை நீக்கவும் அதிகாரம் பெற்றுள்ளார். மலேசியச் சட்டம் கேட்பது இருவரை மட்டுமே. உதவித்தொகை மறுக்கப்பட்ட அம்மாணவியின் தந்தை ஒருவர்; இன்னொருவரை அவர் தேடிக்கொண்டிருக்கலாம்.